விருந்தாளியை விரட்டாதே

ஜனவரி 9

தம்பிக்கு,

பார்சலைப் பிரித்ததும் முதலில் இந்தக் காகிதத்தைப் படி, பிறகு மாத்திரையைத் தொடு. போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று நாலு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். ஒரே அறையில் பத்துப் பேர் படுத்திருக்கும்போது என்னத்தைப் பேசுவது என்கிறாய், அதுவும் நியாயம்தான். அதனால் எழுதுகிறேன்.

சோப்பு டப்பாவுக்குள் முட்டி வலி மாத்திரை ஆறு அட்டை இருக்கிறது. கம்பெனி ஆட்கள் சாம்பிள் என்று கடையில் விட்டுப்போனது. பில் கிடையாது, யாரும் தேட மாட்டார்கள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, வயிற்றுக்கு ஏதாவது போட்ட பிறகு. வெறும் வயிற்றில் போட்டாய் என்று தெரிந்தால் அடுத்த மாதம் பார்சல் வராது, காலி டப்பாதான் வரும்.

நேற்று ஒரு வாத்தியார் இதே மாத்திரையைக் கேட்டு வந்தார். "சுகர் இருக்கா சார்?" என்று கேட்டேன். "அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா, மாத்திரையைக் குடு"ன்னார். "டாக்டர் சீட்டு இல்லாம தர மாட்டேன் சார், சுகர்காரங்களுக்கு இது கிட்னியில கை வச்சிரும்" என்றேன். அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி சிரித்துக்கொண்டே, "எங்க டாக்டரம்மா சொன்னா சொன்னதுதான்" என்றுவிட்டார். பத்தாவது தாண்டாதவளுக்கு வந்த பட்டத்தைப் பார்த்தாயா? இருபது வருஷமாக அந்தக் கவுன்ட்டரில் நின்று கால் வீங்கியதற்கு அதுவாவது மிச்சம்.

முட்டிக்குக் கீழே போட்டுக்கொள்ளும் மெத்தையை வாங்கினாயா இல்லையா? ஒழுங்காகப் பதில் எழுது.

அக்கா


ஜனவரி 28

அக்கா,

காகிதத்தை முதலில் படித்தேன். சத்தியமாக.

இங்கே பெரிய கட்டடம், ஏழு மாடி. ஒவ்வொரு மாடியிலும் தரை முழுக்க நாலடிக்கு இரண்டடி டைல்ஸ். காலை ஏழு மணிக்கு முட்டி போட்டால் மத்தியானம்தான் நிமிர்கிறேன். பசையைச் சீப்பால் இழுக்க வேண்டும், கல்லை உட்கார வைக்க வேண்டும், ரப்பர் சுத்தியால் தட்ட வேண்டும், ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். குமிழி நடுவில் நிற்கும் வரை நான் எழுந்திருப்பதில்லை. அதனால் எனக்குப் பெயரே ரசமட்டம் என்று ஆகிவிட்டது. மேஸ்திரி சம்பளச் சீட்டில்கூட அப்படித்தான் எழுதுகிறான். மெத்தை வாங்கினேன், இரண்டு வாரத்தில் அப்பளமாகிவிட்டது.

மாத்திரை முன்பு போலக் கேட்பதில்லை. காலையில் போட்டால் எங்கெங்கோ ஊர் சுற்றிவிட்டு மத்தியானம்தான் வேலைக்கு வருகிறது. பொறுக்க முடியாமல் பத்து மணிக்கு இன்னொன்று போடுகிறேன். பிறகு இரண்டும் சேர்ந்து வந்து நிற்கின்றன, அப்போது தேவலை.

இன்னொரு விஷயம். எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று நாளாக இந்தக் கடிதம் தலையணைக்கு அடியிலேயே கிடந்தது. அந்த விருந்தாளி என்னிடமும் வந்துவிட்டார் அக்கா. போன வாரம்தான் தெரிந்தது. நீ கோபப்படாதே. யாரிடமும் சொல்லாதே, மேஸ்திரிக்குத் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவான். நான் என்ன செய்யட்டும் என்று மட்டும் எழுது. நீ என்ன சொல்கிறாயோ அப்படியே செய்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 12

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த மனுஷர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறாரா? அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி, பெட்டியும் கையுமாக வந்தால் ஒரு மாதம் கிளம்பாத சித்தப்பா, அவரைத்தானே சொல்கிறாய்? அவர் வந்தாலே அம்மாவுக்குத் தலைவலி வந்துவிடும். உன் இடத்தை எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ.

பத்துப் பேர் இருக்கும் அறையில் பதினோராவது ஆள் என்றால் மேஸ்திரி குதிக்கத்தான் செய்வான். இருந்தாலும் விரட்டாதே. வயதான காலத்தில் நம்மை நம்பி வந்திருக்கிறார். அவர் பாட்டுக்கு ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும், நீ கண்டுகொள்ளாதே. கேட்கும்போது இனிப்பாக ஒரு டீ போட்டுக் கொடு, அது போதும் அவருக்கு. பத்து இருபது நாளில் தானாகக் கிளம்பிவிடுவார். அதற்காக நீ டாக்டர் வீட்டு வாசலில் நிற்கிறவன் மாதிரி முகத்தைத் தொங்கப் போடாதே.

மாத்திரை கேட்கவில்லை என்றாயே, பன்னிரண்டு அட்டை வைத்திருக்கிறேன். தேவையானால் மூன்றாகப் போட்டுக்கொள். உன் உடம்பு வாகு அப்படி, சின்ன வயதிலிருந்தே உனக்கு எதுவும் ஒன்று போதாது.

அக்கா


மார்ச் 5

அக்கா,

பார்சல் வந்தது. கடிதத்தையும் படித்தேன். நீ இவ்வளவு லேசாக எடுத்துக்கொள்வாய் என்று நான் நினைக்கவே இல்லை. சித்தப்பா என்று போட்டு எழுதியிருந்தாயே, என்னைச் சிரிக்க வைக்கத்தானே? சிரித்தேன். நெஞ்சில் இருந்த கல் இறங்கியது.

நீ சொன்னபடி கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டேன். ஆனால் ஆள் கிளம்பும் வழியைக் காணோம். தாகம் தாகமாக எடுக்கிறது, தண்ணீர் கேன் ஒன்று எனக்கே ஆகிறது. எத்தனை தடவை எழுந்து போகிறேன் என்று பக்கத்துப் படுக்கை பெயிண்டர் எண்ணிக் கேலி செய்கிறான். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். முட்டி மட்டும் ஒரு கிலோ கூடியிருக்கிறது. மாத்திரை நாலு ஆகிறது, சில நாள் கூடவும் ஆகிறது. அடுத்த பார்சலைச் சீக்கிரம் அனுப்பு.

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

பன்னிரண்டு அட்டை. வேலை அதிகம், பிறகு எழுதுகிறேன். தண்ணீர் நிறையக் குடி, வெயில் காலம்.

அக்கா


ஏப்ரல் 22

அக்கா,

ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். பயப்படாதே, உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

போன வாரம் மூன்றாவது மாடியில் கல் வைத்துக்கொண்டிருந்தபோது எழ முடியவில்லை. இரண்டு காலும் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. காலணி நுழையவில்லை. மேஸ்திரியும் பெயிண்டரும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சர்க்கரை நானூற்றுப் பத்து. கிட்னி வேலை செய்கிறதா என்று பார்க்கும் கிரியாட்டினின், ஒன்றுக்குள் இருக்க வேண்டியது, நாலு இருக்கிறதாம். டாக்டர் சின்ன வயதுப் பெண். சத்தம் போடத் தெரியாதவர். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"சுகர் இருக்கறது உங்களுக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டார். ஜனவரியில் சைட்டில் முகாம் போட்டு ரத்தம் எடுத்தார்கள், அப்போதே என்றேன். "மூணு மாசமா ஏன் வைத்தியம் பாக்கல?" என்றார். என்ன சொல்ல? "எங்கக்கா விருந்தாளியை விரட்டாதேன்னு எழுதியிருந்தா, டாக்டர்" என்றா சொல்ல முடியும்?

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுத வரவில்லை. அப்பாவின் காலை முட்டிக்குக் கீழே எடுத்தது உனக்குத் தெரியும். அப்படி இருந்தும் டீ போட்டுக் கொடு, தானாகக் கிளம்பிவிடுவார் என்று எப்படி எழுதினாய்?

வலி மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா என்றும் கேட்டார். இல்லை என்றேன்.

தம்பி


ஏப்ரல் 30

அடப் பாவி,

எந்த விருந்தாளிடா? யார்டா அந்த விருந்தாளி? நான் நிஜமாகவே சித்தப்பா வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் போய்க் கேட்டேன். அம்மா முகத்தை மூடிக்கொண்டார். அக்கம்பக்கத்துக்குத் தெரியக்கூடாது என்று அப்பா தன் சுகருக்கு வைத்த பேராம் அது. "விருந்தாளி இன்னிக்குக் கொஞ்சம் கோபமா இருக்கார்" என்றால் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று அர்த்தமாம். வீட்டில் மூன்று பேரும் நாலு வருஷம் அப்படியே பேசியிருக்கிறீர்கள். எனக்கு எப்படித் தெரியும்? அந்த நாலு வருஷம் நான் கல்யாணம் என்ற பெயரில் வேறொரு வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது அப்பாவுக்குக் கால் இல்லை. காலில் புண் வந்து எடுத்தார்கள், சுகர் என்றார்கள், அவ்வளவுதான். அந்த வார்த்தையை என் காதில் யாரும் போடவில்லை. என் கஷ்டம் எனக்கு, உங்கள் கஷ்டம் உங்களுக்கு என்று மூடி மூடியே வைத்த குடும்பம் இது.

மூன்றெழுத்து கூட எழுதியிருக்கக் கூடாதா? சுகர் என்று எழுதினால் பேனா சுட்டுவிடுமா?

அதை விடு. மாத்திரை சாப்பிடவில்லை என்று டாக்டரிடம் ஏன் சொன்னாய்? போன் போட்டால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். உடனே போய்ச் சொல். இந்தக் கடிதம் கைக்கு வந்த நிமிஷமே சொல்.

அக்கா


மே 8

அக்கா,

சொல்லிவிட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு போட்டேன், சைட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடையில் வாங்கினேன் என்று சொன்னேன்.

திட்டாதே, முழுதாகக் கேள். நாலு ஐந்து என்றால் யார் கொடுத்தது, சீட்டு எங்கே என்று துருவுவார்கள். நீ பார்மசி படித்தவள் இல்லை. முதலாளியின் கடைக்கு ஆபத்து, உன் வேலைக்கு ஆபத்து. அந்தக் கவுன்ட்டரை விட்டால் உனக்கு என்ன இருக்கிறது? எனக்கும் வெட்கம்தான். அப்பா ஒருநாள் யாருக்கும் தெரியாமல் இனிப்பு எடுத்துத் தின்றபோது, "நாக்கைக் கட்டத் தெரியாத மனுஷனுக்குக் கால் எதுக்கு?" என்று கேட்டவன் நான். உனக்கு அது தெரியாது. கேட்டு ஆறு மாதத்தில் கால் போனது. அதே நோய் எனக்கு என்று எந்த வாயால் எழுதுவேன்? அதனால்தான் அவர் வைத்த பேரைப் போட்டு எழுதினேன்.

இரண்டு மாத்திரை என்றதற்கே டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "சர்க்கரை ஏறிக் கெடக்கறப்ப வயிறு சோம்பேறி ஆயிடும். போட்ட மாத்திரை கீழ இறங்க நேரமாகும். வலி போகலையேன்னு நீங்க இன்னொண்ணு போடுவீங்க. அப்புறம் எல்லாம் சேந்து இறங்கும். மருந்தை உடைக்கற ஈரலோட வேலையும் சர்க்கரையால முன்ன பின்ன ஆகும், எப்படி ஆகும்னு உறுதியா சொல்ல முடியாது. கழிவை வெளிய தள்ளற கிட்னியோ ஏற்கெனவே சர்க்கரையில தத்தளிச்சிட்டு இருக்கும். அதுக்குப் போற ரத்தத்தையும் இந்த மாத்திரை கொறைச்சிடும்" என்றார். எனக்கு வைத்தியம் புரியாது அக்கா, ஆனால் இது புரிந்தது. ஊர் சுற்றிவிட்டு வருகிறது என்று நான் உனக்கு எழுதினேன் இல்லையா, அது என் வயிற்றுக்குள்ளேயேதான் உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் அவருக்கு இடிக்கிறது. "ரெண்டு மாத்திரைக்கு இவ்வளவு கெட்டிருக்காது. வேற ஏதோ நோய் இருக்கணும்" என்கிறார். இருபத்தைந்தாம் தேதி முதுகு வழியாக ஊசி விட்டு கிட்னியில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கப் போகிறார்கள். உள்ளே ரத்தம் கசியலாம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். போகட்டும், ஒரு ஊசிதானே.

தம்பி


மே 20

தம்பிக்கு,

மூன்று தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. எடுக்க மாட்டாய் என்று தெரியும். கூரியரில் அனுப்புகிறேன், இருபத்தைந்துக்கு முன்னால் கிடைத்துவிடும்.

நானே கிளம்பி வரலாம். பையைக்கூட எடுத்து வைத்தேன். ஆனால் என் முகத்தைப் பார்த்தால் நீ டாக்டரிடம் மறுபடியும் இரண்டு என்றே சொல்வாய். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நானே சொல்லலாம் என்றால், ஜனவரியிலிருந்து நான் அனுப்பியது முப்பது அட்டை, முந்நூறு மாத்திரை, அது மட்டும்தான் எனக்குத் தெரியும். என்றைக்கு எத்தனை விழுங்கினாய் என்பது உனக்குத்தான் தெரியும்.

நேற்று முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. "ஏம்மா, வந்தவன் போனவனை எல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேப்பியே, கூடப்பொறந்தவனைக் கேக்கலையா?" என்றார். பிறகு சாவிக்காகக் கையை நீட்டினார். கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அந்த வாத்தியாரும் இருந்தார். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது. ஆகவே நீ காப்பாற்ற அந்த வேலை இனிமேல் இல்லை. எனக்காகப் பொய் சொல்லும் வேலை உனக்கும் இல்லை.

இப்போது எழுதப்போவதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. விருந்தாளி என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது, அது சத்தியம். ஆனால் மார்ச் மாதம் நீ எழுதினாயே, தாகம், எழுந்து எழுந்து போவது, இடுப்பில் நிற்காத பேன்ட். இருபது வருஷம் மருந்துக்கடையில் நின்றவளுக்கு அது என்ன என்று தெரியாதா? முதல் தடவை படித்தபோதே சுருக்கென்றது. இரண்டாவது தடவையும் படித்தேன். மூன்றாவது தடவை படிக்காமல் மடித்து வைத்துவிட்டேன். வெயில் காலம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்கும் அதையே எழுதினேன்.

ஏன் தெரியுமா? கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாய். ஆமாம் என்றால் மாத்திரையை நிறுத்த வேண்டும். மாத்திரையை நிறுத்தினால் நீ எனக்கு எதற்கு எழுதப்போகிறாய்? வாழப் போன வீட்டில் யாருக்கும் வேண்டாதவளாக இருந்துவிட்டு வந்தவள் நான். சீக்கிரம் அனுப்பு அக்கா என்று ஒருவன் எழுதுகிறான் என்பது எனக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது. அதற்காக உன் கிட்னியைக் கொடுத்துவிட்டேன். இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் கோடு போட்டு அடிக்காமல் அனுப்புகிறேன்.

நீ அப்பாவைக் கேட்டது ஒரு வார்த்தை. நான் உன்னிடம் கேட்காமல் விட்டதும் ஒரு வார்த்தைதான். இரண்டில் எது பெரிய பாவம் என்று பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம். முதலில் போய் எண்ணிக்கையைச் சொல். யார் கொடுத்தது என்று கேட்டால் என்னைச் சொல்.

அக்கா


மே 27

அக்கா,

கூரியர் இருபத்து நாலாம் தேதி காலையில் வந்தது. படித்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். உன்மேல் எனக்கு என்ன வந்தது என்று இன்னும் தெரியவில்லை. கோபம் வந்தது, அது உண்மை. சாயங்காலம் வரை இருந்தது. மார்ச் கடிதத்தில் தாகம், பேன்ட் என்று நான் எதற்கு அவ்வளவு விவரமாக எழுதினேன் என்று யோசித்தேன். நீயாகக் கண்டுபிடித்து என்னைத் திட்ட வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறேன் போலிருக்கிறது. நீ திட்டவில்லை, நானும் அப்பாடா என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஊசிக்காகச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். டாக்டர் கையுறை போட்டுக்கொண்டிருந்தார். குப்புறப் படுத்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது. முகம் தெரியாததால் சொல்ல முடிந்தது. "டாக்டர், ரெண்டு இல்ல" என்றேன். "என்ன ரெண்டு இல்ல?" என்றார். "மாத்திரை. நாலு போட்டேன். சில நாள் அஞ்சு. கடைசி வாரம் ஆறுகூடப் போட்டிருக்கேன்."

கையுறையைக் கழற்றும் சத்தம் கேட்டது. என்னை நிமிர்ந்து உட்காரச் சொன்னார். நர்ஸ் பெண் என் முகத்தைப் பார்க்காமல் சட்டையை எடுத்துக் கொடுத்தார். இத்தனை வயதில் பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, ஜனவரியிலிருந்து எந்த மாதம் எத்தனை என்று சொன்னேன், எழுதிக்கொண்டார். "இதை மொதல்லயே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. ஊசி வேண்டாம், மாத்திரையை நிறுத்தி ஐந்து வாரம் ஆகிறது, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றார். நாலு இருந்த கிரியாட்டினின் இப்போது இரண்டே முக்கால். இன்னும் இறங்கலாம், இறங்காமலும் நிற்கலாம். பழையபடி முழுசாக வராது என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். முட்டி போட்டுச் செய்யும் வேலையும் இனி முடியாது. சர்க்கரைக்கு இன்சுலின் ஊசி, நானே குத்திக்கொள்ளப் பழகிவிட்டேன்.

பிறகு நீ பயந்த கேள்வியைக் கேட்டார். "சீட்டு இல்லாம இத்தனை மாத்திரை யார் குடுத்தது?"

பெட்டிக்கடை என்று மறுபடியும் சொல்ல நாக்கு போனது. உன் கடிதம் சட்டைப் பையில்தான் இருந்தது. உன்னைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று கூனிக் குறுகிக்கொண்டுதான் வாயைத் திறந்தேன். ஆனால் வந்த குரல் வேறு மாதிரி வந்துவிட்டது அக்கா. ஊரில் எனக்கும் ஆள் இருக்கிறது என்று சொல்கிறவன் மாதிரி, கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

"எங்கக்கா."

தம்பி